டேல் சாரின் டீமும் என் கவுன்சிலிங் சார்ட்டும்

அந்த வியாழக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. லீவு ஃபாரத்துல மேனேஜர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்.

ரெண்டாயிரத்துகளோட நடுவுல நான் கத்தார்ல, ராஸ் லஃபான்ல பிளானிங் இன்ஜினியர். எந்த வேலை எப்ப முடியும்னு முன்கூட்டியே சொல்றதுதான் பிளானிங். நான் சொன்ன தேதியில எதுவும் முடிஞ்சதில்லை, அது வேற விஷயம்.

ஊர்ல எனக்குப் பொண்ணு பார்த்து, வைகாசியில நிச்சயம்னு பேசி வெச்சிருந்தாங்க. பொண்ணோட அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மாப்பிள்ளையை போட்டோவுல பார்த்தாச்சு. நிச்சயத்தன்னைக்கு ஆளை நேர்ல பார்க்கணும். வரலைன்னா நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

கல்ஃப் மாப்பிள்ளைகளைப் பத்தி மனுஷன் நிறைய கேள்விப்பட்டிருப்பார் போல.

எங்க பிரிவுல நாலு பேர். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஊருக்குப் போக முடியும். நாலு பேருக்கும் மே கடைசியில இருந்துதான் மூணு வார லீவு வேணும்! மேனேஜர் டேல் அமெரிக்கர். ரெண்டு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, யார் ஃபாரத்தையும் தொடவே இல்லை.

டைம் கீப்பர் ஜமால் பாய்கிட்ட போய்ப் புலம்பினேன். கீழக்கரைக்காரர். ஆபீஸ்ல யாருக்கு என்ன கவலைன்னு அவருக்குத் தெரியாம இருக்காது.

"தம்பி, அவரு ஊரு டீமு இந்த வருசம் செம அடி வாங்கிருச்சு. அந்த அமெரிக்கா ஃபுட்பாலு இருக்குல்ல, ஹெல்மெட்டு போட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவானுகளே, அது. முப்பத்திரண்டு டீமுல முப்பத்தோராவது இடம். அதைப் பத்தி ரெண்டு வார்த்தை ஆதரவாப் பேசுங்க. கையெழுத்து தன்னால விழும்."

பேசினேன். "சார், உங்க டீமுக்கு இந்த வருஷம் யார் வருவாங்க?"

டேல் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கே! அந்தப் பாலைவனத்துல ஒரு ஆள்கூட அவர்கிட்ட அதைக் கேட்டதில்லை போல. முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கு டிராஃப்ட் தெரியுமா?"

"தெரியும் சார்."

தெரியாது. ஆனா வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அவர் எதைக் கேட்டாலும் என் பதில் அதுதான்.

"காலேஜ் பசங்களை டீம்கள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் டிவியில வருது. யாரு யாரை எடுப்பாங்கன்னு என் வில்லாவுல ஒரு போட்டி. நீதான் பிளானர் ஆச்சே, ஒரு கணிப்பு போட்டு எடுத்துட்டு வா. உன் லீவைப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசலாம்."

வெள்ளிக்கிழமை முழுக்க ரூம்ல உட்கார்ந்து யோசிச்சேன். காலேஜ். பசங்க. வரிசை. சீட்டு. சட்டுன்னு பொறி தட்டுச்சு. அட, இது நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங்!

கவுன்சிலிங் போன யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கட்-ஆஃப் அதிகமா இருக்கறவனை முதல்ல கூப்பிடுவாங்க. அவன் நல்ல காலேஜை அள்ளிட்டுப் போவான். என்னை மாதிரி ஆளுங்களைக் கடைசி நாள் கூப்பிடுவாங்க. அப்ப மிச்சம் இருக்கறது பஸ்ஸே போகாத ஊர்ல இருக்கற காலேஜ்தான். நான் அங்கதான் படிச்சேன்.

அப்புறம் என்ன, யல்லா, ஆரம்பின்னு உட்கார்ந்தேன்! ஒரு வெப்சைட்ல பசங்களோட ரேங்க் லிஸ்ட் கிடைச்சுது. கோப்பை ஜெயிச்ச டீமுக்கு முதல் ரேங்க் பையன். ரெண்டாவது வந்த டீமுக்கு ரெண்டாவது ரேங்க். இப்படியே இறங்கி வந்தா, டேல் சார் டீமுக்கு முப்பத்தோராவது பையன். நூத்தம்பது கிலோ ஆசாமி. போட்டோவுலயே சட்டத்துக்குள்ள அடங்கல.

சும்மா எழுதிக் கொடுத்தா பிளானருக்கு என்ன மரியாதை? சைட் ஷெட்யூல் போடற சாஃப்ட்வேர்ல பார் சார்ட்டாவே போட்டேன். மேல இருக்கற டீம்களுக்குப் பச்சை, கீழ இருக்கறதுக்குச் சிவப்பு. ஏ3 சைஸ் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷனும் பண்ணேன்!

சனிக்கிழமை டை கட்டிக்கிட்டு, கையில ஒரு ஸ்வீட் பாக்ஸோட போனேன். அங்க எல்லாரும் அரை டிராயர்ல இருந்தாங்க.

பத்துப் பன்னெண்டு அமெரிக்கர்கள். எல்லார் கையிலயும் துண்டுச் சீட்டுல கிறுக்கின கணிப்பு. டேல் என் தோள்ல கைபோட்டு, "இவன் எங்க பிளானர். எப்படித் தயாராகி வந்திருக்கான் பாருங்க!"ன்னு பெருமையா சார்ட்டைச் சுவத்துல ஒட்டினார்.

எல்லாரும் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாங்க.

"எங்க டீம் ஏன் அடியில இருக்கு?" டேல் மெதுவா கேட்டார்.

"சார், யுவர் டீம் பெர்ஃபார்மன்ஸ் வெரி பூவர். சோ, லாஸ்ட்லதான் கூப்பிடுவாங்க. ஒன்லி பேலன்ஸ் சீட் அவைலபிள்."

ஒருத்தர் சோபாவுல இருந்து சரிஞ்சு விழுந்து சிரிச்சார். வெள்ளைத் தாடி வெச்ச ஒருத்தர் என் மேல பரிதாபப்பட்டு விளக்கினார். "அப்படி இல்லப்பா. நேர் தலைகீழ். ரொம்ப மோசமா ஆடின டீம்தான் முதல்ல எடுக்கும். டேல் டீம் ரெண்டாவதா எடுக்கும்."

இங்க நான் வாயை மூடியிருக்கணும். மூடினேனா?

"அது எப்படி சார் நியாயம்? கடைசி பெஞ்சுக்கு முதல் சாய்ஸா? அப்புறம் எவன் சார் கஷ்டப்பட்டுப் படிப்பான்?"

"அடி வாங்கினவனுக்கு ஒரு கை கொடுக்கணும் இல்லையா? அப்பதானே போட்டி சமமா இருக்கும்?" இது தாடிக்காரர்.

"நோ சார். மெரிட்! மெரிட்தான் முக்கியம். ஜெயிச்சவன் முதல்ல, தோத்தவன் கடைசியில. எங்க ஊர்ல அப்படித்தான்!"

மெரிட்டோட அருமையை நான் விளக்க விளக்க, டேல் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். ரொம்ப ரசிக்கறார்னு நினைச்சுக்கிட்டேன்.

டிவியில டிராஃப்ட் ஆரம்பிச்சுது. முதல் டீம் எல்லாரும் எதிர்பார்த்த பையனையே எடுத்துச்சு. அடுத்தது டேல் டீம். பந்தைக் குறி பார்த்து எறியற ஒரு சூரப் பையனைத்தான் எடுப்பாங்கன்னு அத்தனை துண்டுச் சீட்டும் சொல்லுச்சு. டேல் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டார். பொண்ணு வீட்டுல இருந்து பதில் வர்ற அன்னைக்கு எங்கம்மா முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

மேடையில ஒருத்தர் வந்து பேரைப் படிச்சார்.

நூத்தம்பது கிலோ!

என் நூத்தம்பது கிலோ! சார்ட்டுல சிவப்புக் கட்டத்துல நான் எழுதி வெச்சிருந்த அதே மிச்சம் மீதி!

டேல் தொப்பியைத் தரையில அடிச்சார். "யாருய்யா இவன்? இவனைக் கடைசியில கூப்பிட்டாலும் வந்திருப்பானே!"ன்னு கத்தினார். அப்புறம் எல்லார் தலையும் ஒண்ணா என் சார்ட்டுப் பக்கம் திரும்புச்சு.

முப்பத்திரண்டுல நான் சரியா சொன்னது அது ஒண்ணுதான். அது ஒண்ணைத்தான் சொல்லியிருக்கவே கூடாது.

அப்பவாவது "சாரி சார்"னு சொல்லிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனா வாழ்க்கையில முதல்முறையா என் பிளான் ஒண்ணு பலிச்சிருக்கு. தலைகால் புரியல.

"பார்த்தீங்களா சார்? முதல் சாய்ஸ் கொடுத்தாலும் கடைசி பெஞ்சு கடைசி பெஞ்சுதான்!"

யாரும் சிரிக்கல. தாடிக்காரர் என் ஸ்வீட் பாக்ஸை மூடி, என் கையிலயே கொடுத்து வாசல் வரைக்கும் வந்தார்.

ஞாயித்துக்கிழமை காலையில டேல் எங்க நாலு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். முகத்துல கோபமே இல்லை. நல்லா சிரிச்சார். அதைப் பார்த்தே நான் பயந்திருக்கணும்.

"லீவு விஷயத்துல எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போய் யாருக்கு ரொம்ப நாளாச்சோ, அவங்களுக்கு முதல் சாய்ஸ். அந்தக் கணக்குல இந்தத் தடவை..." என்னைக் கை காட்டினார். "நீதான். உன் ஃபாரத்தை எடுத்துக்கூட வெச்சிருந்தேன்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நல்ல மனுஷன்!

"ஆனா நேத்து நீ என் கண்ணைத் திறந்துட்டே. அடி வாங்கினவனுக்குக் கை கொடுக்கறது தப்பு. மெரிட்தான் முக்கியம். அதனால அப்ரைசல் ரேங்க்படி கூப்பிடறேன். ரோமெல், வா. உனக்கு எப்ப வேணும்?"

ரோமெல் ஃபிலிப்பினோ. மே கடைசியை அள்ளிட்டுப் போனான். அடுத்தவனும் அதுக்கடுத்தவனும் ஜூன், ஜூலைன்னு வரிசையா எடுத்துக்கிட்டாங்க. அப்ரைசல்ல நான் எத்தனாவதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன?

எனக்கு மிச்சமா இருந்தது ஜூலை கடைசி. ஆடி மாசம்! நிச்சயம்கற வார்த்தையைக்கூட வீட்டுல எடுக்க மாட்டாங்க.

"கலாஸ் தம்பி, எல்லாம் முடிஞ்சுது," ஜமால் பாய் தலையில அடிச்சுக்கிட்டார். "ஆதரவா ரெண்டு வார்த்தை பேசச் சொன்னேன். நீங்க மேடையே போட்டுட்டு வந்துருக்கீக."

பொண்ணு வீட்டுல வைகாசியிலயே வேற மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணிட்டாங்க. அம்மா போன்ல அழுதுச்சு. எனக்கும் ரொம்ப நாள் மனசு ஆறல. லீவுல போய் மூணு வாரம் அம்மன் கோயில் கூழ் குடிச்சுட்டு, போன மாதிரியே ஒண்டிக்கட்டையாத் திரும்பி வந்தேன்.

என்னைக் கேட்டா, கடைசியா வந்தவனுக்கு முதல் சாய்ஸ் கொடுக்கற மாதிரி நியாயமான முறை இந்த உலகத்துலயே கிடையாதுங்க.