நாற்கொம்பு மானும் நடுரோட்டுத் தவளையும்

என்னைவிடப் புத்திசாலித் தவளைகள் உண்டு. மழை வந்தால்தான் அவை வாயைத் திறக்கும். எனக்கு எதிரே ஓர் ஆள் வந்தாலே போதும். இந்த வாயைச் சுமந்து சுமந்தே எனக்கு அலுத்துவிட்டது.

அப்போது மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. பள்ளி விழாவில் பெற்றோரில் ஒருவரும் பிள்ளையும் ஆளுக்கொரு விலங்காக வேஷம் கட்டி, தங்களை ஒப்பிட்டுப் பேச வேண்டும். அவள் காட்டில் வாழும் குட்டி நாற்கொம்பு மான். (ஆண் மானுக்குத்தான் கொம்பு என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தாள்.) நான் மழைக்காட்டுத் தவளை. "எனக்கு நாலு கொம்பு, உனக்கு ஒண்ணுகூட இல்ல" என்று அவள் தொடங்குவாள். "நான் தோலாலேயே தண்ணி குடிப்பேன், நீ குளம் தேடி அலையணும்" என்று நான் மடக்க வேண்டும். பல நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. முதல் பரிசு வாங்கியே தீருவது என்று தூக்கத்திலும் ஒப்பிட்டாள்.

விழா அன்று பௌர்ணமி, கிரிவல நாள். பள்ளி கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில், எங்கள் வீடு செங்கம் ரோட்டில்.

"ரோட்ட மூடறதுக்குள்ள கிளம்புங்க. வேஷத்த அங்க போய்க் கட்டிக்கலாம்" என்றாள் மனைவி.

கேட்டேனா? பச்சை மழைக்கோட்டு, முகத்தில் பச்சைச் சாயம், தலையில் இரண்டு பிளாஸ்டிக் பந்துக் கண்கள். அவற்றை ஒட்டி முடிப்பதற்குள் தடுப்புக் கட்டை விழுந்துவிட்டது. கிரிவலக் கூட்டத்தோடு மூவரும் நடந்தோம். கோட்டுக்குள் நான் இட்லியாக வெந்துகொண்டிருந்தேன்.

சிவன் வேஷம், காளி வேஷம் எல்லாம் நிற்கும் பாதை அது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் பவ்யமாக நிறுத்தினார்.

"சாமி, இது இன்னா வேஷங்க?"

'ஸ்கூல் ஃபங்ஷன்' என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். சொன்னால் நான் நானில்லையே!

"சாபம் வாங்கின முனிவருங்க. மலைய சுத்தினா விமோசனம்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த அம்மாள் தன் குழந்தையை என் முன் நீட்டினார்.

"புள்ள வாயே தொறக்க மாட்டேன்றான் சாமி. ஒரு வார்த்த சொல்லுங்க."

"கொர்ர்ர்" என்றேன். பிள்ளை வீறிட்டது.

"தொறந்துட்டான்! வாயத் தொறந்துட்டான்!"

அவ்வளவுதான். ஆசி வாங்க வரிசையே நின்றுவிட்டது.

"ஏங்க, நேரமாவுது! நாங்க முன்னாடி போறோம்" என்று மனைவி கத்தினாள்.

"தோ வந்துட்டேன்!" (நான் வாழ்க்கையில் அதிகம் சொன்ன பொய்.)

கடைசியில் ஒரு போலீஸ்காரர்தான் எனக்கு விமோசனம் தந்தார். "யோவ் தவள! ஓரமாப் போய்யா, கூட்டம் ஜாஸ்தியாவுது!"

கால் வீங்கி, சாயம் கழுத்தில் வழிய நான் பள்ளிக்குள் நுழைந்தபோது மேடையில் நாற்கொம்பு மானும் ஒரு தவளையும் பேசிக்கொண்டிருந்தன. தலையில் பச்சைத் துப்பட்டா, குதிகாலில் உட்கார்ந்து ஒரு தாவல், என் மனைவி! என் வசனம் ஒன்று விடாமல், என்னைவிட நன்றாக. முதல் பரிசு அவர்களுக்குத்தான். கைதட்டிய கூட்டத்தில் ஒரு தவளையும் இருந்தது. யாழினி என்னைப் பார்த்தாள். நான்கு கொம்புகளையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்றும் நான் எங்கே தாமதமாகப் போனாலும், "வாங்க முனிவரே" என்றுதான் சொந்தக்காரர்கள் வரவேற்கிறார்கள். போன மாதம் யாழினியைக் கல்லூரியில் சேர்க்க மனைவி கிளம்பினாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு, "அப்பாவும் கூட வரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"அம்மா போதும்ப்பா."