நல்லநேரத்தாரும் பல்லு கிளிப்பும்

தேனு, செல்வா, இது உங்க ரெண்டு பேருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து நேரே பல் டாக்டரிடம் ஏன் கூட்டிப்போனேன் என்று தேனு கேட்டாள். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. அப்பா பத்தாவதுதான். ஃபிளெக்ஸ் பேனரில் நாலு வரி அடிப்பதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலேயே நேரம் பார்த்துத் தும்மிய ஒரே மனிதர் நம்ம நல்லநேரத்தார்தான். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்ப்பார். ராகுகாலமாக இருந்தால் அந்தத் தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விடும். என் கடைக்கு அடுத்த கடையில் சூடம், சாம்பிராணி, பஞ்சாங்கம் விற்றார். சொந்தப் பெயர் கடை போர்டில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை.

போன மாதம் செத்துப்போனார். நெஞ்சுவலி. செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணி, சுத்தமான ராகுகாலம். "போன நேரம் எப்படின்னு ஜோசியர்ட்ட கேட்டுட்டு வாங்கப்பா" என்றார் உறவுக்காரர் ஒருவர். கேட்க ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும். பதினோரு வயசில் மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இப்பவே கம்பி கட்டிருங்க" என்றாராம். அவங்க அப்பா, முழுப்பரீட்சை முடியட்டும் என்றார். பரீட்சை முடிந்து நாள் பார்ப்பதற்குள் ஆடி. ஆடி போனால் பாட்டையா செத்த தீட்டு. அப்புறம் ஏழரைச் சனி. சனி விலகுவதற்குள் கல்யாணமே வந்துவிட்டது. கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளைக்குச் சளி போல என்று நினைப்பார்கள்.

சிரிக்கும்போதும் அப்படித்தான். துண்டால் வாயை மூடிக்கொள்வார், தோள் மட்டும் குலுங்கும். கோட்டையூரில் ஒரு துக்க வீட்டில் பக்கத்திலிருந்தவர் எதையோ சொல்லப்போக, இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினார். செத்தவர் சம்சாரமே எழுந்து வந்து, "அழுகாதீக அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரப் போகுது" என்று முதுகைத் தடவிக்கொடுத்தது. "அதுக்கப்புறம் நிஜமாவே அழுதேன் தம்பி" என்றார் என்னிடம்.

ஐம்பத்தெட்டு வயசில் அவர் சம்சாரம் ஒரு வார்த்தை சொன்னது. "அறுபதாங்கல்யாணத்துலயாவது சிரிச்ச மூஞ்சியா ஒரு போட்டோ எடுப்போம். நான் ஒங்க பல்ல நேராப் பாத்ததே இல்ல." அன்றைக்கே கிளம்பினாரா என்றால் இல்லை. நாள் பார்க்கவே எட்டு மாதம் ஆனது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு என்று முடிவானது. துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். முன்னால் வரவேண்டிய யாரோ வராததால் டாக்டரம்மா ஐந்து ஐம்பதுக்கே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிறு ஆறு வரை ராகுகாலம். நாற்காலியில் படுத்தவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"வாயைத் திறங்க சார்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பயமா?"

அதற்கும் ஆட்டினார். நான்தான் சொன்னேன்: "ஆறு மணிக்குத் திறப்பாரு டாக்டர்."

"இதென்ன ரேஷன் கடையா?" என்றார்கள் டாக்டரம்மா. ஆனால் பத்து நிமிஷமும் கையில் கருவியோடு நின்றார்கள், பாவம். "சின்ன வயசுல வந்திருந்தா வேல சுலபம் சார். தாடை வளர்றப்ப பல்லு சொன்ன பேச்சு கேக்கும். இப்ப மெதுவாத்தான் நகரும். அறுபதாங்கல்யாணத்துக்குள்ள கழட்ட முடியாது."

ஆறு மணிக்கு வாயைத் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "கம்பியோடயே சிரிச்சுக்கிறேன்."

அதிலிருந்து மாதம் ஒருமுறை என் கடைக்கு வந்து, பல்லைக் காட்டி ஒரு போட்டோ எடுக்கச் சொல்வார். அறுபதாங்கல்யாண ஃபிளெக்ஸில் போட எது நல்லா வருதுன்னு பார்க்கணுமாம். கம்பி உள் உதட்டைக் கிழித்து ரத்தம் வரும். கஞ்சிதான் குடிப்பார். ஆனாலும் இளிப்பார்.

ஒருநாள், தேனு, நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். செல்வா ஏதோ சேட்டை பண்ண, நீ சிரித்தாய். நீ போனதும் அவர் கேட்டார்: "பாப்பாவுக்கு எப்ப கிளிப்?"

"டாக்டர் போன வருசமே சொல்லிட்டாங்கண்ணே. ஆறாம் வகுப்பு போகட்டும்னு இருந்தேன். அப்புறம் செல்வாவுக்குக் காதுகுத்து வந்துச்சு. நீங்களே ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றேன், கேலியாகத்தான்.

அவர் சிரிக்கவில்லை. "பிள்ள சிரிக்கிறப்ப கைய வச்சு வாயை மூடுது, பாத்தியா?"

நான் பார்த்ததில்லை தேனு. பெற்ற அப்பன் பார்த்ததில்லை.

"நான் அப்புடித்தான் ஆரம்பிச்சேன் தம்பி. இதுக்கெல்லாம் நேரம் பாக்காத."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்பவும் நான், "ஆடி போகட்டும்ணே" என்றேன். அந்த ஆடி போவதற்குள், அறுபதாங்கல்யாணமும் பார்க்காமல் அவர் போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவருடைய மச்சினர் ஆதார் அட்டைப் படத்தைக் கொண்டுவந்தார். உதடு தைத்தது போல இருந்தது. பின்னாலேயே நல்லநேரத்தார் சம்சாரம் வந்தது. "தம்பி, அவுக சிரிச்ச படம் ஒங்ககிட்ட இருக்காமே?"

கடைசி மாதப் படத்தைத் திறந்து காட்டினேன். முன்பல் இரண்டும் கிட்டத்தட்ட உள்ளே வந்திருந்தன. ஒரு கம்பி வெயிலில் மின்னியது. அந்தம்மா அழவில்லை. பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தது.

"கம்பிய அழிச்சுட்டுப் போடுங்க, பாக்கிறவுக என்ன நினைப்பாக" என்றார் மச்சினர்.

"இருக்கட்டும். எனக்காகப் போட்டது" என்றது அந்தம்மா.

அப்படியே அடித்தேன். காரைக்குடியில் கண்ணீர் அஞ்சலி பேனரில் பல் கிளிப்போடு சிரித்தவர் அவர் ஒருத்தர்தான்.

வாய்க்கரிசி போடும்போது அந்தக் கம்பியில் ரெண்டு அரிசி மாட்டி நின்றது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

பேனர் அடித்ததோடு மூடிய கடையை வெள்ளிக்கிழமைதான் திறந்தேன். பக்கத்து ஷட்டர் பூட்டிக் கிடந்தது. என் சுவரில் அவர் கொடுத்த தினசரி காலண்டர். காலையில் வந்து தாள் கிழிப்பது அவர் வேலை. நான் கிழித்தால் கோபம் வரும். செவ்வாய்க்கிழமைத் தாள் அப்படியே நின்றது. ஒவ்வொன்றாகக் கிழித்து வெள்ளிக்கு வந்தேன். ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. கடிகாரத்தில் பத்தே முக்கால்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "பாப்பாவ என்னைக்குக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றார்கள்.

"இன்னைக்கே."

"எத்தன மணிக்கு?"

"நீங்க சொல்ற மணிக்கு."

போனை வைத்துவிட்டு, கிழித்த தாள்களைக் கசக்கிக் கூடையில் போட்டேன். செவ்வாய்க்கிழமைத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.