அழைப்பு பெற்ற பல் டாக்டர்

இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. விமானம் ஏறும்போது சாதாரண மனிதராகப் போவார். இறங்கும்போது அழைப்பு பெற்றவராக வருவார். மிஷன் பயணம் என்று சபையிலிருந்து ஒரு குழு கடல் கடந்து போகும். அதில் ஒருவரிடமாவது, அதுவும் ஊர் திரும்புகிற நேரம் பார்த்து, ஆண்டவர் பேசிவிடுவார். பேசிய விஷயம் பெரும்பாலும் சிறுவர் ஊழியமாகத்தான் இருக்கும். பெரியவர்கள் விஷயமாக ஆண்டவர் யாரிடமும் பேசுவதாகத் தெரியவில்லை. அவருக்கும் அலுத்துப்போயிருக்கலாம்.

எங்கள் சபையில் அப்படி வந்து இறங்கியவர் பல் டாக்டர்.

நல்ல மனிதர். ஈயைக்கூட அடிக்க மாட்டார். ஆனால் அவருடைய கிளினிக் இருக்கும் தெருவுக்குள் ஒரு பிள்ளையைக் கூட்டி வர வேண்டுமென்றால், செருப்புக் கடைக்குத்தான் போகிறோம் என்று பெற்றவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். நாற்காலியில் உட்காரவைக்க அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். "நான் என்ன பண்ணேன்னு என்னைப் பாத்தாலே அழுதுங்க?" என்று அவர் மனைவியிடம் கேட்பார். அந்த அம்மாள் இடுக்கியைப் பார்ப்பார்.

மருத்துவ முகாமுக்கென்று போன இடத்தில் டாக்டருடைய கருவிப் பெட்டி வேறு விமானத்தில் ஏறி வேறு ஏதோ தேசத்துக்குப் போய்விட்டது. கையில் கருவி இல்லாத பல் டாக்டர் யார்? வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மாமா, அவ்வளவுதான். பாஷையும் தெரியாமல் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தவரின் மடியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏறினார்கள், மீசையை இழுத்தார்கள், பையில் கூழாங்கல் நிரப்பினார்கள், ஒன்று தோளிலேயே தூங்கியும் போனது. ஆயுளில் முதல்முறையாக ஒரு குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. டாக்டர் தேம்பித் தேம்பி அழுதார்.

திரும்பி வந்த முதல் ஞாயிறே சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னார். "ஆண்டவர் எனக்குள்ள பிள்ளைங்க மேல ஒரு பாரத்தை வச்சிட்டார்!" திரையில் படங்கள் ஓடின. எல்லாப் படத்திலும் அவர், அதே குழந்தை, வேறு வேறு கோணம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி மெல்லச் சொன்னார்: "பொட்டி தொலைஞ்சதால வந்த அழைப்புங்க இது."

"தொலைச்சதே ஆண்டவர்தானே!"

மனைவி நடையை எட்டிப் போட்டார்.

ஞாயிறு பள்ளியை நடத்திவந்த அக்காவுக்கு முழங்கால் வலி. மாதக் கடைசியில் பிள்ளைகள் சபைக்கு முன்னால் பாட வேண்டும். போதகர் வகுப்பை டாக்டரிடம் ஒப்படைத்தார். டாக்டர் ஒரு கிட்டாரும் கலர் தொப்பியும் முயல் பொம்மையும் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வகுப்பில் பாதிப் பேர் அவருடைய நோயாளிகள். டப்டப்பென்று அத்தனை வாயும் மூடிக்கொண்டன. இந்த உலகத்தில் அவர் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னார்.

"எல்லாரும் வாயை நல்லாத் தொறங்க, பாக்கலாம்!"

இரண்டு பேர் பெஞ்சுக்கு அடியில் போனார்கள். ஒருவன் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்தடுத்த வாரங்களில் பிள்ளைகள் பாடினார்கள்தான், வாயை மூடியபடி, மூக்கால். எட்டிப் பார்த்த போதகர், "பிரதர், இது பாட்டா, தேன்கூடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்கு வந்தது ராங் நம்பர் போல" என்று வாய்விட்டே சொன்னார்.

முன்பல் ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, வாயைக் கையால் பொத்தியபடி பக்கத்தில் வந்தாள். "மாமா, நீங்க வாயைத் தொறங்க. நான் பாக்கறேன்."

திறந்தார்.

"இன்னும் பெருசா. ஆ... அசையக் கூடாது." உள்ளே கூர்ந்து பார்த்தவள் கத்தினாள்: "ஏய்! மாமாவுக்குச் சொத்தைப் பல்லு!"

பெஞ்சில் இருந்ததெல்லாம் ஓடி வந்தது. வரிசை கட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆளாளுக்கு வைத்தியம். "மிட்டாய் தின்னா இப்படித்தான் ஆகும்." "ராத்திரி பல்லு தேய்க்கறீங்களா இல்லையா? பொய் சொல்லக் கூடாது." கடைசியில் ஒருவன் நிதானமாகக் கேட்டான்: "புடுங்கிடலாமா?"

டாக்டர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வ... வலிக்குமா?"

நடிப்பில்லை. நிஜமான பயம். வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை வாயும் திறந்திருந்தது. தொழில் புத்தி விடுமா? ஒரே பார்வையில் யார் யாருக்கு எந்தப் பல் கெட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் செய்த ஊழியத்திலேயே பெரியது அதுதான்.

மாதக் கடைசியில் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். டாக்டர் முன்வரிசையில் நின்று மறுபடியும் அழுதார். கிளினிக்கில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சிறுமியே தெருமுனையில் அழுது ஊரைக் கூட்டினாள். "ஞாயித்துக்கிழமை மாமா வேற, இவரு வேற" என்பது அவள் கட்சி. டாக்டருக்கு அதில் வருத்தமில்லை.

நமக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, நாம் இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்று நீங்கள் சாய்ந்து உட்கார வேண்டாம். இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து ஒரு சின்னக் குரல் உங்களைக் கூப்பிட்டது. தலையைத் தூக்காமலே "இரு, வரேன்" என்றீர்கள். மறுபடியும் கூப்பிட்டது, "வரேன்னு சொன்னேன்ல" என்றீர்கள். அதற்குப் பெயரும் அழைப்புதான் ஐயா. கடல் தாண்ட வேண்டாம், எழுந்தால் போதும்.