போன்ழூர் மெஸ்யூ லு தொக்தர் ஐயா அவர்களே

மனித குலம் சக்கரத்துக்குப் பிறகு கண்டுபிடித்த மகத்தான பொருள், யாரை எப்படி அழைப்பது என்று முடிவு செய்யும் எங்கள் மருத்துவமனையின் 'விளிப்பு முறைமைக் குழு'. நான் அதன் செயலாளர் என்பதால் சொல்லவில்லை. மற்ற நேரத்தில் நான் சீட்டுப் போடும் குமாஸ்தா. பொய் சொல்ல நேரமில்லை.

பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் ஒரு மாதம் வைத்தியம் பார்க்க வருவதாக உத்தரவு வந்தது. அதிலிருந்த பெயரை வாசிக்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. உடனே குழு கூடியது.

"'போன்ழூர் தொக்தர்', அதாவது 'வணக்கம் டாக்டர்'னா போதும். அங்க அதுதான் மரியாதை" என்றார் மருந்தாளர். அவர் நாற்பது நாள் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர்.

"வெறும் டாக்டரா? அவர் என்ன நம்ம பக்கத்து வீட்டுக்காரரா?" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்போ நடுவுல 'மெஸ்யூ லு' சேத்துக்கலாம். ஐயான்னு அர்த்தம்."

"அது பிரெஞ்சு ஐயா. நம்ம ஐயா எங்கே?"

நம்ம ஐயாவும் சேர்ந்தார். ஐயா தனியாக நிற்கக் கூடாதே என்று 'அவர்களே'யும் சேர்ந்தது. 'போன்ழூர் மெஸ்யூ லு தொக்தர் ஐயா அவர்களே' என்று பிழையில்லாமல் சொல்பவருக்கே சீட்டு என்று தீர்மானம் நிறைவேறியது. கை தட்டினோம்.

மருத்துவர் வந்து மூன்று நாள் ஆயிற்று. நடைபாதையில் நாற்பது நோயாளிகள் முணுமுணுவென்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் தேறவில்லை. விளிப்பில் தடுமாறிவிடுவோமோ என்று நாங்களும் மருத்துவர் அறைப் பக்கம் போகவில்லை. தினமும் நாங்கள் வருமுன்பே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது கூட்டுகிற அம்மா மட்டும்தான். அவர் குழுவில் உறுப்பினர் இல்லை.

அப்போதுதான் என் அக்கா, அத்தானைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அத்தானின் வாய் ஆவென்று திறந்திருந்தது.

"டேய், சீக்கிரம் சீட்டுப் போடு. காலையில கொட்டாவி விட்டாரு. திறந்த வாய் மூடவே இல்ல. தண்ணிகூட இறங்கல."

சீட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனாலும் சொந்தம் வேறு, தீர்மானம் வேறு.

"அத்தான், போன்ழூர் சொல்லுங்க."

"ஆ..."

"போன்ழூருக்கு உதடு ஒட்டணும்" என்றார் மருந்தாளர் வருத்தத்துடன்.

"உதடு ஒட்டினா நாங்க ஏன்டா இங்க வர்றோம்?" என்றாள் அக்கா.

நியாயம்தான். அவசரக் கூட்டம் போட்டோம். வாய் மூட முடியாதவர்களுக்கு விலக்கு அளிக்கலாம். ஆனால் விலக்கை நோயாளியே தம் வாயால் கேட்க வேண்டும் என்று முடிவானது.

"ஆ..." என்றார் அத்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் அந்தப் பார்வைக்கு அடுத்தது அடி. இந்த முறை அடி மருத்துவர் அறைக் கதவுக்கு விழுந்தது, குடையால்.

கதவு திறந்தது. மருத்துவர் ஒரு பெண்மணி. அத்தானைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார வைத்தார், கட்டை விரல்களில் துணியைச் சுற்றிக் கடைவாய்ப் பல்லை அழுத்தினார். 'டக்'கென்று வாய் மூடிக்கொண்டது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் அத்தான். எந்தத் தீர்மானத்திலும் இல்லாத விளிப்பு. மருத்துவர் முகமெல்லாம் சிரித்தார்.

பிறகு நடைபாதையைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்: "இவங்க எல்லாம் நோயாளியா? மூணு நாளா முணுமுணுன்னு சத்தம். பிரார்த்தனைன்னு நினைச்சேன். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உள்ளேயே இருந்தேன்."

கண்காணிப்பாளர் மருந்தாளரின் காதைக் கடித்தார். "மெஸ்யூங்கிறது ஆம்பளைக்குத்தானே?"

"ஆமாங்க."

"அப்போ எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லு. முதல்ல குழு கூடட்டும்."

அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன்: மூன்று நாட்களில் ஒரு நோயாளிகூட மருத்துவரிடம் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. பேசும் தூரத்துக்கு நாங்கள் ஒருவரையும் விடவில்லை.