துண்டுக்கடியில ஒரு எருமை

ஓசியில படிச்சவனுக்கு ஒரு கெட்ட பழக்கமுங்க. வீடியோவுல வாத்தியார் என்ன சொன்னாலும் அப்படியே செஞ்சுருவான். நானும் செஞ்சேன். இன்னைக்கும் வேலந்தாவளம் மாட்டுச்சந்தைப் பக்கம் போனா ஹெல்மெட்டைக் கழட்டறதில்ல.

எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்னையக் கைகழுவிடுச்சு. அப்புறம் போன்ல வீடியோ பாத்துப் பாத்துத்தான் கேம் செய்யப் பழகுனேன். அதுல டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்னு ஒரு வேலை. படம் வரையறவருக்கும் புரோகிராம் எழுதறவருக்கும் நடுவுல நிக்கற தரகு வேலைன்னு வெச்சுக்கங்க. கேமுக்குள்ள புல்லு ஆடோணும், தோலு வெயில்ல மினுங்கோணும், காலு மண்ணுல பொதையக் கூடாது. கோயமுத்தூர் கம்பெனி ஒண்ணு, "ஒரு எருமையை நடக்க வெச்சு அனுப்புங்க, பாக்கலாம்"னாங்க. என்ற எருமை நடந்தா மேசைய இழுத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு.

வீடியோ வாத்தியார் சொன்னார்: "கம்ப்யூட்டரையே பாக்காதீங்க. நெசப் பொருளைப் போய்த் தொட்டுப் பாருங்க."

போனேன். சந்தையில செல்லமுத்து அண்ணன்னு ஒருத்தர், கொல்லங்கோட்டுக்காரர், மினுமினுன்னு ஒரு எருமையோட நின்னார். மறுநா மகனூட்டோட போய் இருக்கறதுக்குத் திருப்பூர் கெளம்பறாராம். அன்னைக்கே நல்ல கையில புடிச்சுக் குடுத்தாகோணும். பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் வெலைக்குக் கிட்டத்தட்ட படிஞ்சு நின்னார்.

நான் குனிஞ்சு கால் கொளம்பைப் பாத்தேன். சதை எப்படிக் குலுங்குதுன்னு தொடையத் தட்டுனேன். "அண்ணா, கொஞ்சம் நடத்திக் காட்டுங்க"ன்னேன். (வாங்க வந்தவன்கூட இத்தனை பண்ண மாட்டான்.) அதைப் படம் புடிக்கப் போனா, வெயிலுக்குப் போன்ல ஒண்ணும் தெரியல. தோள்த்துண்டை எடுத்துக் கைக்கும் போனுக்கும் சேத்துப் போத்துனேன்.

துண்டுக்கடியில விரலைப் புடிச்சுத்தான் இங்க வெலை பேசுவாங்கன்னு எங்கூர்த் தொட்டில் கொழந்தைக்கும் தெரியும். எனக்குந் தெரியும். அன்னைக்கு மூளை போன்ல இருந்துச்சு. பக்கத்துல நின்ன சந்தைத் தரகர், நான் வெலை பேசக் கூப்பிடறேன்னு நெனச்சுக் கையை உள்ள உட்டார். போனைப் புடுங்கறாங்கன்னு அவர் நாலு விரலையும் இறுக்கிப் புடிச்சேன்.

"படிஞ்சுதுங்க!"ன்னு கத்திட்டார்.

பொள்ளாச்சிக்காரர், "பையன் முந்திட்டான்"னு வேற எருமைய வண்டியில ஏத்திட்டுப் போயிட்டார். செல்லமுத்து அண்ணன் கவுத்தை என்ற கையில குடுத்தார்.

"ஏனுங்க, எருமை வேண்டாங்க. தோலு மட்டும் போதும்."

"கசாப்புக் கடையா நீயி?"ன்னார் தரகர்.

"இல்லீங்க, கேமுக்குங்க."

"எருமையோட என்றா வெளையாட்டு உனக்கு?"

கூட்டமே சிரிச்சுது. செல்லமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கல, திட்டவுமில்ல. "பொள்ளாச்சிக்காரரு நல்லா வெச்சுக்குவாருன்னு நெனச்சேன் தம்பி"ன்னார். ரெண்டு அறை குடுத்திருந்தாத் தேவலை.

கவுத்தைப் புடிச்சுட்டு, வாங்க ஆள் தேடி நானே சந்தை பூராத்தையும் சுத்துனேன். "எத்தனாவது ஈத்து, எத்தனை கன்னு போட்டிருக்கு?"ன்னு கேட்டா எருமை மூஞ்சியப் பாத்தேன். அதுவும் சொல்லல. உச்சி வெயில்ல, வாளையார்ப் பால்காரர் ஒருத்தர் எரக்கப்பட்டு வாங்கிட்டார். எருமை போகும்போது செல்லமுத்து அண்ணனைத் திரும்பித் திரும்பிப் பாத்துது. அவர் வேற பக்கம் பாத்துட்டு நின்னார்.

அந்த நடையத்தான் செஞ்சு அனுப்புனேன். "நடை பிரமாதம். எதுக்குத் திரும்பிப் பாக்குது?"ன்னாங்க.

வேலை கெடைச்சுது, மானம் போனது போனதுதான். என்ற கல்யாணத்துல மாமனார் எந்தோள்ல புதுத்துண்டைப் போட வந்தார். எங்கக்கா பந்தலுக்கே கேக்கற மாதிரி கத்துனா: "மாமா, கையச் சீக்கிரம் எடுத்துருங்க! இவன் விரலைப் புடிச்சா உங்களையும் ஓட்டிட்டு வந்துருவான்!"

அவரும் வெடுக்குன்னு எடுத்துட்டாருங்க.