கீழ்வீட்டுத் தையல் மிஷின்

ஏழாவது தடவையாகப் பாடி முடித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ரெக்கார்டிங் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. உயிர் மட்டும் இல்ல. உங்க கேசட்ல வர்ற அந்த 'டக டக' எங்க?"

கித்தார்க்காரரும், பாடுகிற மனைவியும், ஆர்மோனியம் வாசிக்கிற மச்சானும் மூன்று வருடமாக மாடிவீட்டுச் சமையலறையில் ஒரு பழைய டேப்ரெக்கார்டரை வைத்துப் பாட்டுப் பதிந்தவர்கள். குக்கர் விசில், குழாய்ச் சொட்டு எல்லாம் பாட்டோடு சேர்ந்தே வரும். அதையும் ரசிக்க இருநூறு முந்நூறு பேர் இருந்தார்கள், மகராசர்கள்! ஒவ்வொரு கேசட் அட்டையிலும் அவர்களுக்கும், குக்கருக்கும்கூட, மறக்காமல் நன்றி போடுவார் கித்தார்க்காரர். நன்றி கெட்டவன் என்ற பேச்சு மட்டும் அவருக்கு ஆகாது.

"அது கீழ்வீட்டு டெய்லரக்காவோட தையல் மிஷின் சார்," என்றாள் மனைவி.

"எதேச்சையா வந்து எப்படிப் பொருந்தியிருக்கு! அதுக்குத்தாம்மா உங்களைக் கூப்பிட்டதே. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தச் சத்தம் வரணும். இல்லன்னா ஆல்பம் கிடையாது."

மச்சான் சும்மா இருப்பானா? கரண்டியால் மேசையைத் தட்டினான். குதிரை வண்டி போவதுபோல் இருந்தது. மறுநாள் ஒரு தையல் மிஷினையே வாடகைக்குத் தூக்கி வந்து மிதித்தான். அவன் சட்டை நுனி ஊசியில் மாட்டித் தைபட்டுப்போனது. அவன் எழுந்தபோது மிஷினும் கூடவே எழப் பார்த்தது.

"மாமா, கத்தரிக்கோல்!"

வம்பே வேண்டாம், சமையலறைக்கே போய்விடுவோம் என்று மூவரும் வீடு திரும்பினார்கள். டேப்ரெக்கார்டரை ஓடவிட்டுப் பாடினார்கள். கீழேயிருந்து மிஷின் சத்தமே வரவில்லை.

"என்னங்க, அக்கா வீட்ல இல்லையா?"

கித்தார்க்காரர் திருதிருவென்று விழித்தார். "போன வாரம் ஒரு சீட்டு எழுதி அவங்க கதவுக்கடியில போட்டேன்."

"என்னன்னு?"

"பெரிய எடத்துல பாடப்போறோம், ஒத்திகை பாக்கணும், கொஞ்ச நாளைக்கு மிஷினை நிறுத்துங்கன்னு."

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே! குக்கருக்கெல்லாம் நன்றி சொன்னீங்க. அந்த மிஷினுக்கு ஒரு வரி போட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வருடப் பிழைப்பும் அந்தச் சத்தத்தின் மேல்தான் நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

நிறுத்தச் சொன்ன வாயாலேயே ஓட்டச் சொல்வது எப்படி? வேலை கொடுத்தால் மிஷின் தானாக ஓடுமே என்று, அலமாரியில் இருந்த நல்ல சட்டைகள் நான்கின் தையலைப் பிரித்தார். அதில் கல்யாணச் சட்டையும் ஒன்று.

கீழ்வீட்டு வாசலில் 'தையல் கடை' போர்டு தொங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடியோடு டெய்லரக்கா கதவைத் திறந்தார்.

"அக்கா, அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடுங்க," என்றார். "உங்க மிஷின் இல்லன்னா நாங்க ஒண்ணுமே இல்லக்கா. இத்தனை நாளா ஒரு நன்றிகூடச் சொல்லல. இந்தப் புதுக் கேசட்ல மொத நன்றி உங்களுக்குத்தான். தயவு பண்ணி இந்த நாலு சட்டையையும் தைச்சுக் குடுங்க. நீங்க தைக்கும்போதே நாங்க பாடிக்கிறோம்."

அக்கா ஒரு சட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தையலா? கண்ணு மங்கி நான் தையலை விட்டு நாலு வருஷமாச்சு தம்பி. உங்க மச்சானுக்குத் தாளமே நிக்கலையேன்னு மனசு கேக்காம, துணியே இல்லாம வெறும் மிஷினை மிதிச்சு உங்களை இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்!"