குறட்டையில்லாத ஆறு மணி நேரம்

நான் குறட்டை விடுவதில்லை என்பதை உலகத்துக்கு நிரூபித்தே தீருவது என்று போன திங்கட்கிழமை முடிவெடுத்தேன். உலகம் என்றால் இரண்டே பேர். என் மனைவி, அப்புறம் டாக்டர்.

நான் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளன். இருமல், திணறல், நீண்ட மௌனம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, உளறுகிறவர்களையும் பேச்சாளர்களாக்கி அனுப்புவது என் வேலை. அன்று காலை, செய்தி வாசிக்கும் அம்மாவிடம் ‘ஆரம்பிக்கலாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நாக்கு குழறியது. வலது கை மேஜைமேல் அடுத்தவன் கை மாதிரி கிடந்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நான் மறந்தும்விட்டேன். அந்த அம்மா மறக்கவில்லை. என் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்.

அரை மணி நேரத்தில் மனைவி வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இது மினி ஸ்ட்ரோக் என்றார் டாக்டர். தூக்கம் எப்படி என்று கேட்டார். பிரமாதம் என்றேன் நான்.

"குறட்டை விடுவார் டாக்டர்," என்றாள் மனைவி. "அதுகூடப் பரவாயில்ல. திடீர்னு நின்னுடும். மூச்சும் நின்னுடும். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். முப்பது தாண்டினா உதைப்பேன்."

மூன்று மாதமாகக் கணுக்கால் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் மூச்சு நின்றுநின்று வந்தால் ஆக்சிஜன் குறையும், ரத்த அழுத்தம் எகிறும், ஸ்ட்ரோக் வரும் ஆபத்தும் கூடும். அடுத்த தடவை கை பத்து நிமிஷத்தில் திரும்பி வராமலே போகலாம் என்றார். ஒரு ராத்திரி இங்கே வந்து, மூச்சை அளக்கிற வயர் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார். தலை முதல் கால் வரை வயர் மாட்டிக்கொள்ள நான் என்ன ஒலிபெருக்கியா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். அவளோ குழைந்து பேசினாள்.

"வயரெல்லாம் வேண்டாம். நீங்களே ரெக்கார்ட் பண்ணுங்க. உங்க தொழில்தானே? வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர்கிட்ட நீங்களே கொண்டு போய்க் குடுங்க. குறட்டை இல்லைன்னா இனிமே நான் வாயே திறக்கல."

துள்ளிக் குதித்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்லை. நிலையத்திலேயே விலை உயர்ந்த மைக்கைக் கொண்டு வந்து தலைமாட்டில் நட்டுவைத்துப் படுத்தேன்.

மறுநாள் ஸ்டூடியோவில் போட்டுக் கேட்டேன். கருங்கல் ஜல்லி கொட்டுகிற சத்தம். பிறகு மௌனம். முப்பத்தொரு நொடி, ஒலி அளவு காட்டும் முள் அசையவே இல்லை. பாழாய்ப்போன கை, தொழில் பழக்கத்தில் வெட்ட ஆரம்பித்துவிட்டது. குறட்டையை வெட்டினேன். மௌனத்தை வெட்டினேன். மிச்சம் நின்றது ஆரம்பத்தில் வந்த நாலு நிமிஷம்தான். அதைத் தொண்ணூறு தடவை ஒட்டினேன். ஆறு மணி நேரம், பச்சைக் குழந்தையின் மூச்சு! ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். மாட்டியதும் தூங்கிப்போனேன். பகலில் இப்போதெல்லாம் அப்படித்தான் ஆகிறது.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்பே சட்டை மாட்டி, தலை வாரி, நான்தான் அவளை அவசரப்படுத்தினேன். திரும்பும்போது தங்கை வீட்டில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய பையை நீட்டினாள். வெற்றி வீரன் கோபிக்கலாமா? நானே தூக்கிக்கொண்டேன்.

டாக்டர் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேட்டார். மெல்லிய மூச்சு. நான் மீசையைத் தடவினேன். அப்போது ஒலிப்பதிவில் மனைவியின் குரல்: "தூங்கிட்டீங்களா?" அடுத்து என் குரல்: "ம்... தூங்கிட்டேன்."

டாக்டர் மூன்றாவது மணி நேரத்துக்குத் தாவினார். "தூங்கிட்டீங்களா?" "ம்... தூங்கிட்டேன்." ஐந்தாவது மணி நேரத்திலும் அவள் சளைக்காமல் கேட்டாள். நானும் சளைக்காமல் தூங்கிவிட்டதாகச் சொன்னேன்.

"வெட்டினதைப் போடுங்க," என்றாள் மனைவி.

வெட்டாத அசலும் அதே பென் டிரைவில்தான் இருந்தது; வேறு வழியில்லாமல் போட்டேன். ஜல்லி கொட்டியது. நின்றது. அவள் உதடுகள் எண்ண ஆரம்பித்தன. இருபத்தைந்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. எத்தனை ராத்திரி இப்படி எண்ணியிருப்பாள்! எனக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது.

"சரி, வயர் மாட்டிக்கறேன்," என்றேன் பெருந்தன்மையாக. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வாரம் எதுக்கு? இன்னிக்கு எட்டு மணிக்குப் படுக்கை சொல்லி வெச்சிருக்கேன். திங்கட்கிழமையே சொல்லிட்டேன்."

"அப்போ ரெக்கார்டிங் எதுக்கு?"

"இல்லைன்னா நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

பையைத் திறந்தாள். உள்ளே என் தலையணை. வீட்டிலிருந்து பத்திரமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தான்.